மலை பேசுமாம், நாங்கள் கேட்கணுமாம்

இலங்கை மலையகத்தில், தேயிலைக் கொழுந்து மலையில் நின்று ஒரு அண்ணன் பேசிய அந்த வீடியோவை இந்நேரம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 'உங்க ஊர்தானே' என்று எனக்கே பலர் அனுப்பிவிட்டார்கள். எங்கள் ஊர்தான். அவருக்குப் பின்னால் இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு கொழுந்து எடுப்பது என் சித்தி. படம் எடுக்கலாமா என்று அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை.

அந்த அண்ணனின் தத்துவம் இதுதான்: இயந்திரம் மனிதனைக் கெடுத்துவிட்டது, முன்னேற்றம் ஒரு நோய், மலையோடு மலையாக வாழும் இவர்கள்தான் சுதந்திரமானவர்கள். நல்லது. இதையெல்லாம் மேலே பறந்து படம் பிடித்தது ட்ரோன். அதை விடுவோம்.

நான் சொல்வது ஒன்றுதான். கூடை சுமக்காதவர் கூடையின் பெருமையை எங்களுக்குப் போதிக்க வேண்டாம்.

முதலில், எது இயற்கை? 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை போடுவதற்கு முன் இந்த மலைகளில் கோப்பி. அதற்கு முன் காடு. காட்டை அழித்துத்தான் தோட்டம் வந்தது. நீங்கள் பார்த்து உருகுகிற பச்சை, கவ்வாத்து வெட்டி ஒரே மட்டத்தில் நிறுத்திவைத்த பச்சை. அதில் வேலை செய்ய எங்கள் ஆட்களை மன்னார்ப் பக்கமிருந்து மாத்தளை வரை காட்டு வழியாக நடத்தியே கொண்டுவந்தார்கள். வழியில் செத்தவர்கள் ஏராளம். அதுவும் இயற்கையோடு இணைந்த நடைதானே?

2021 ஞாபகம் இருக்கிறதா? ஏப்ரலில் இரசாயன உர இறக்குமதியை நிறுத்துவதாக அறிவித்து நாட்டையே ஒரே நாளில் இயற்கை விவசாயத்துக்கு மாற்றினார்கள். நவம்பரில் முடிவை மாற்றிக்கொண்டார்கள். இடையில் கொழுந்து குறைந்தது, அம்மா மலை ஏறினால் எடுக்க வேண்டிய கிலோ வராது. கிலோ வராவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். சாயந்தரம் வாசற்படியில் உட்கார்ந்து, கறுத்துப்போன விரல் வெடிப்புகளில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே 'இன்னைக்கும் அரைப்பேர்தான்' என்பார். தத்துவம் கொழும்பில் பிறந்தது, அரைப்பேர் எங்கள் வீட்டில் விழுந்தது.

'அப்போ உமா ஓயா?' என்று கேட்பீர்கள். கேளுங்கள். அந்த நீர்மின் திட்டத்துக்குச் சுரங்கம் தோண்டப்போய் பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றியதும் சுவர்கள் வெடித்ததும் எனக்கும் தெரியும். மேல் கொத்மலைத் திட்டத்தால் சென்கிளேயர் அருவி மெலிந்ததும் தெரியும். அதையெல்லாம் நானும் எதிர்க்கிறேன். ஆனால் அங்கே பாதிக்கப்பட்ட சனம் கேட்டது தண்ணீரையும் வீட்டையும். கரண்டே பாவம் என்று அவர்கள் சொல்லவில்லை. பீலியில் குடம் பிடித்து மேட்டில் ஏறுகிற வீட்டுக்காரிக்குக் குழாய் வந்தால் எந்த மரம் அழப்போகிறது? குளவி கொட்டி ஆள் விழுந்தால் நாங்கள் லொறியைத்தான் தேடுகிறோம், தியானத்தை இல்லை.

'நீ தோட்டக் கம்பனியின் ஆள்' என்பவர்களுக்குப் பதில் கிடையாது.

ஆனால் உண்மையில் குத்தியது அவர் கடைசியாகச் சொன்னதுதான். மலை முன்கூட்டியே பேசும், கேட்கத் தெரிந்தவனுக்குக் கருவி எதற்கு என்றார். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்கள், எங்கள் வரிசை வீடுகள், மண்ணுக்குள் போயின. அங்கே இருந்தவர்களுக்கு மலையைக் கேட்கத் தெரியவில்லையா? பரம்பரையாக அங்கேயே கிடந்தவர்களுக்கா? ஆபத்தான இடம் என்று முன்பே அதிகாரிகள் சொல்லியிருந்தார்கள். போவதற்கு வேறு வீடுதான் இருக்கவில்லை. இதில் யாருடைய செவிட்டுத்தனத்தைப் பேச வேண்டும், சொல்லுங்கள்.

24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை தாண்டினால் கவனமாக இருக்கச் சொல்கிறார்கள், 150 தாண்டினால் வெளியேறச் சொல்கிறார்கள். அதை அளப்பது கருவி. அந்தச் செய்தி வந்து சேர போன் வேண்டும். எங்கள் கீழ் டிவிசனில் சிக்னல் இல்லை. எச்சரிக்கை மெசேஜ், மறுநாள் மேல் ரோட்டுக்கு ஏறியபிறகுதான் 'டிங்' என்று வரும்.

டவர் கேட்டு ஒரு மனு எழுதியிருக்கிறோம். கையெழுத்துப் போட விருப்பமுள்ளவர்கள் இன்பொக்ஸில் வாங்க. வீடியோ போட்ட அண்ணனும் வரலாம். வருவதற்கு முன் சித்தி இருக்கிற அந்தப் பகுதியை மட்டும் வெட்டிவிட்டு வாங்க.