முடிவு கடைசி ஸ்லைடில், கருத்துக் கேட்பு முதல் ஸ்லைடில்

“உங்கள் அனைவருடைய கருத்தையும் கேட்ட பிறகே முடிவெடுக்கப்படும்” என்று ஓர் அழைப்பு வந்தால், முடிவு எடுத்தாகிவிட்டது என்று பொருள். இது நம் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு முறையும் குறிப்பேட்டோடு போய் உட்காருகிறோமே, அந்த அப்பாவித்தனத்துக்குத்தான் முதலில் ஒரு பாராட்டு விழா எடுக்க வேண்டும். ஆனால், முடிவை எல்லோர் கண்ணிலும் காட்டிவிட்டு, பிறகு அதையே ஒரு முற்பகல் முழுவதும் நம்மைக் கொண்டு ‘கண்டுபிடிக்க’ வைக்கும் கூத்தை இந்த வாரம்தான் நான் முதன்முதலாகக் கண்டேன்.

பேச வேண்டிய பொருள் பணிநேர அட்டவணை. மூன்று திட்டங்கள் இருந்தன. ஒருங்கிணைப்பாளர் மடிக்கணினியைப் புரொஜெக்டரில் இணைத்தார். முழுத்திரைக்கு மாறுவதற்கு முன், ஸ்லைடுகள் எல்லாம் இடது ஓரத்தில் குட்டிப் படங்களாக வரிசையில் தெரியும் அல்லவா, அந்தச் சில நொடிகளில் அடியில் இருந்த ஸ்லைடை அறையில் இருந்த அத்தனை பேரும் படித்து முடித்துவிட்டோம்: “ஊழியர்களின் கருத்துகளின் அடிப்படையில் எடுக்கப்பட்ட முடிவு – இரண்டாம் திட்டம்.” அந்த ஊழியர்கள் அப்போதுதான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். அடுத்த கணம் திரை மாறியது, கைகோத்து நிற்கும் வண்ணவண்ண மனித உருவங்களோடு “உங்கள் கருத்து என்ன?” என்ற முதல் ஸ்லைடு எங்களைப் பார்த்துப் புன்னகைத்தது. யாரும் எதையும் பார்க்காதது போல் இருந்தோம்.

பிறகு ஆளுக்கொரு கற்றை மஞ்சள் ஒட்டுத்தாள் கொடுத்தார்கள். எழுதினோம், சுவரில் ஒட்டினோம். ஒருங்கிணைப்பாளர் அவற்றைத் ‘தொகுத்தார்’. தொகுப்பது என்றால், மூன்றாம் திட்டம் வேண்டும் என்று எழுதியிருந்த தாள்களையெல்லாம் பொறுமையாகப் பிய்த்தெடுத்து, “இரண்டாம் திட்டத்தை மேம்படுத்தும் யோசனைகள்” என்ற தலைப்பின் கீழ் ஒட்டுவது. இரவுப் பணி பார்க்கும் ஒருவர் எழுந்து, இரண்டாம் திட்டத்தின்படி ஒரு பணிக்கும் அடுத்த பணிக்கும் இடையே வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டு வரவே நேரம் இருக்காது என்று அட்டவணையைக் காட்டி விளக்கினார். “மிக முக்கியமான கருத்து” என்று நெகிழ்ந்துபோய்ச் சொல்லிவிட்டு, அதைச் சுவரின் மூலையில், பிறகு பேசலாம் என்று ஒதுக்கிவைப்பவற்றுக்காக ‘பார்க்கிங் லாட்’ என்று எழுதியிருந்த இடத்தில் ஒட்டினார்கள். அங்கே நிறுத்தப்பட்ட எந்த வண்டியும் வெளியே வந்ததாக வரலாறு இல்லை.

அடுத்து வண்ணப் புள்ளிகள். பிடித்த திட்டத்தின் மேல் புள்ளி ஒட்ட வேண்டும் என்றார்கள், ஒட்டினோம். மூன்றாம் திட்டம் புள்ளிகளில் மூழ்கிப்போனது. இரண்டாவதில் இருந்தவற்றை ஒரு கைவிரல்களிலேயே எண்ணிவிடலாம். ஒருங்கிணைப்பாளர் சுவரைச் சற்று நேரம் கனிவோடு பார்த்துவிட்டு, “இந்தப் புள்ளிகள் எண்ணுவதற்காக இல்லை, நம்முடைய கூட்டு மனநிலையை உணர்வதற்காக” என்றார். உணர்ந்தோம். பின்னர், “யாருக்கும் ஆட்சேபனை இல்லையே?” என்று கேட்டு, ஒருவர் மூச்சை உள்ளே இழுக்க ஆகும் நேரம் மட்டும் காத்திருந்து, கடைசி ஸ்லைடுக்குத் தாவினார்.

1969இல் ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்கர், மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஓர் ஏணியாக வகுத்தார். உச்சிப்படியில் அதிகாரம் மக்கள் கையில் இருக்கிறது; நான்காம் படியில் கருத்து மட்டும் கேட்கிறார்கள், அதையே அவர் ஒப்புக்கு நடக்கும் பங்கேற்பில்தான் சேர்த்திருக்கிறார். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது, ஏற்கெனவே ஆன முடிவுக்கு முத்திரை குத்துவதற்காக ஆட்களைக் கூட்டி உட்கார வைப்பது. நாங்கள் அந்த அடிப்படியிலேயே ஜமக்காளம் விரித்துக் குடியேறிவிட்டோம்.

உத்தரவு போடுவது தவறு என்று நான் சொல்லவே இல்லை. சில முடிவுகள் மேலே இருப்பவர்கள் எடுக்க வேண்டியவைதாம். அவற்றை நான்கு வரியில் சுற்றறிக்கையாக அனுப்பினால், நாங்களும் நான்கு நிமிடம் திட்டிவிட்டு வேலையைப் பார்ப்போம். எது முடிந்துவிட்டது, எது இன்னும் மாறக்கூடியது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் அரைக் கூட்டம் மிச்சமாகும். அவர்கள் எடுத்த முடிவுக்கு என் கையெழுத்தை வாங்கி, நாளை நான் முணுமுணுத்தால் “நீங்களும் சேர்ந்து எடுத்த முடிவுதானே” என்று என் வாயையே அடைப்பதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இதில் நிறுவனத்துக்கும் நட்டம்தான். ஸ்டாஸர், டைட்டஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1985இல் வெளியிட்ட ஆய்வின்படி, குழுக்கள் எல்லோருக்கும் முன்பே தெரிந்ததையே மீண்டும் மீண்டும் பேசுகின்றன; ஒருவருக்கு மட்டும் தெரிந்த தகவல் பெரும்பாலும் வெளியே வருவதில்லை. எங்கள் கூட்டத்தில் அது தானாக எழுந்து நின்று, அட்டவணையோடு பேசவும் செய்தது. அதைத்தான் மூலையில் ஒட்டினார்கள்.

1876இல் ஹென்றி ராபர்ட் என்ற ராணுவப் பொறியாளர் கூட்ட நடைமுறை விதிகளைத் தொகுத்தார். அவற்றை வறட்டுச் சம்பிரதாயம் என்று கேலி செய்பவர்கள் உண்டு. ஆனால் அந்த வறட்டு விதிகளின்படி, குரல் வாக்கெடுப்பில் ஒரே ஓர் உறுப்பினருக்கு ஐயம் வந்தாலும், எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லிச் சரிபார்த்தாக வேண்டும். கூட்டு மனநிலையை உணர்ந்து பார்க்கும் பிரிவு அதில் எங்குமே இல்லை.

நேற்று கூட்டக் குறிப்பு வந்தது. “விரிவான கலந்துரையாடலுக்குப் பின் இரண்டாம் திட்டம் ஒருமனதாக ஏற்கப்பட்டது.” கூடவே, “பங்கேற்பை மேலும் வலுப்படுத்த ஒரு துணைக்குழு அமைக்கப்பட்டது” என்றும், அதன் உறுப்பினர்களில் ஒருவராக என் பெயரும். சிரிப்பு வந்துவிட்டது, உண்மையாகவே. துணைக்குழுவின் முதல் கூட்டத்தில் யாரும் எதையும் முடிவெடுக்க மாட்டோம் என்பதால் அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. எனக்கு ஒன்றே ஒன்று தெரிந்தாக வேண்டும்: அந்த அறையின் வெள்ளைப் பலகை மார்க்கர்களில் ஒன்றுகூட எழுதுவதில்லையே, எழுதவில்லை என்று எழுதிப் பார்த்தே தெரிந்துகொண்ட பிறகும், அதைக் குப்பைக்கூடையில் போடாமல் மூடியை அழுத்தி மூடி, மறுபடியும் அதே தட்டில் பத்திரமாக வைத்துவிட்டுப் போகிறவர் யார்?