ஆராய்ச்சிக் காசில் கை வைக்கக் கூடாது என்று பின்லாந்து ஏன் சட்டம் போட்டது?

பின்லாந்தில் 2023 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. 2030க்குள் நாட்டின் மொத்த உற்பத்தியில் 4 சதவீதம் ஆராய்ச்சிக்கும் மேம்பாட்டுக்கும் போக வேண்டும் என்பது இலக்கு. அதில் அரசு போட வேண்டியது 1.2 சதவீதம், மீதி கம்பெனிகளின் பொறுப்பு. அரசின் பங்கு வருஷத்துக்கு வருஷம் ஏற வேண்டும் என்பதைப் பட்ஜெட் போடுகிற அமைச்சரின் மனசுக்கு விடாமல் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்று பார்க்காமல் நாடாளுமன்றக் கட்சிகள் ஒன்றாக உட்கார்ந்து பேசி எடுத்த முடிவு இது.

வேறு எத்தனையோ செலவுகள் இருக்க, ஆராய்ச்சிக்கு மட்டும் ஏன் தனிச் சட்டம்? ஒரு பொருளாதார வீழ்ச்சியில் பின்லாந்து இந்தப் பணத்தைக் காப்பாற்றியது. அடுத்த வீழ்ச்சியில் அதே பணத்தை வெட்டியது. இரண்டின் விளைவையும் ஒரே தலைமுறை கண்ணால் பார்த்துவிட்டது. ஐரோப்பாவில் இவ்வளவு தெளிவான பாடம் வேறு எங்கும் கிடைக்காது என்று நினைக்கிறேன். டெலிகாம் துறையில் இருக்கிற எனக்கு இந்தக் கதை நெருக்கமானது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் 1991. சோவியத் யூனியன் உடைந்தது, அதோடு பின்லாந்தின் பெரிய ஏற்றுமதிச் சந்தை ஒன்று ஒரே அடியில் காணாமல் போனது. உள்நாட்டில் வங்கிகள் வேறு ஆட்டம் கண்டிருந்தன. மூன்று வருஷத்தில் மொத்த உற்பத்தி 10 சதவீதத்துக்கும் மேல் சுருங்கியது. 3 சதவீதமாக இருந்த வேலையில்லாத் திண்டாட்டம் 16 சதவீதத்தைத் தாண்டிப் போனது. எஸ்கோ ஆஹோ தலைமையில் இருந்த அரசு எங்கெங்கே முடியுமோ அங்கெல்லாம் செலவைக் குறைத்தது. அந்த வெட்டிலிருந்து தப்பித்ததோடு, நிதியும் கூடுதலாகக் கிடைத்த ஒரு நிறுவனம் டெக்கெஸ். 1983ல் தொடங்கிய தொழில்நுட்ப நிதி நிறுவனம் அது. அதற்கடுத்து வந்த பாவோ லிப்போனென் அரசு 1996ல் இன்னும் ஒரு படி மேலே போனது. அரசு நிறுவனங்களின் பங்குகளை விற்ற பணத்தில் ஒரு பகுதியை ஆராய்ச்சிக்கு என்றே ஒதுக்கியது. பத்தாண்டின் தொடக்கத்தில் மொத்த உற்பத்தியில் 2 சதவீதம் அளவில் இருந்த ஆராய்ச்சிச் செலவு, பத்தாண்டு முடியும்போது 3 சதவீதத்தைத் தாண்டிவிட்டது.

பின்லாந்தின் போன் கம்பெனியான நோக்கியா வளர்ந்ததால்தான் அந்த எண் ஏறியது என்று சொல்பவர்கள் உண்டு. பாதி உண்மை. ஆனால் நோக்கியா எந்த மண்ணில் வளர்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும். வி.டி.டி. என்கிற அரசு தொழில்நுட்ப ஆராய்ச்சி மையம் 1942ல், போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் தொடங்கப்பட்டது. வடக்கே ஓலு நகரத்துக்கு 1950களின் கடைசியில் பல்கலைக்கழகம் வந்தது. 1974ல் வி.டி.டி. அங்கே மின்னணு ஆய்வகம் திறந்தது. சுதந்திரத்தின் ஐம்பதாம் ஆண்டு நினைவாக 1967ல் சிட்ரா என்ற நிதியம் பிறந்தது. 1987ல் அறிவியல் தொழில்நுட்பக் கொள்கைக் குழு அமைந்தது, அதற்குப் பிரதமரே தலைவர். பல்கலைக்கழகம், ஆய்வு மையம், நிதி நிறுவனம், கம்பெனி எல்லாவற்றையும் ஒரே அமைப்பாகப் பார்க்க வேண்டும் என்று 1990லேயே அந்தக் குழு தன் அறிக்கையில் சொன்னது. உலகில் வேறு நாட்டு அரசுகள் அப்படி யோசிக்கத் தொடங்குவதற்கு முன்பே இவர்கள் அதைக் கொள்கையாக வைத்துக்கொண்டார்கள்.

1991 ஜூலை 1ஆம் தேதி, நாடு சரிந்துகொண்டிருந்த அதே வருஷத்தில், முன்னாள் பிரதமர் ஹாரி ஹோல்கேரி உலகின் முதல் ஜி.எஸ்.எம். (டிஜிட்டல் மொபைல் போன் முறை) அழைப்பைப் பேசினார். ரேடியோலின்யா என்ற பின்லாந்து நெட்வொர்க், நோக்கியா கருவிகள். அந்த ஒரு போன் அழைப்புக்குப் பின்னால் இருபது வருஷ ரேடியோ ஆராய்ச்சி இருந்தது. 1991ல் பணத்தை நிறுத்தியிருந்தால் அந்த அழைப்பு நின்றிருக்காது, அது ஏற்கெனவே முடிந்த வேலை. அதற்கடுத்த பத்து வருஷம்தான் நின்றிருக்கும்.

டெக்கெஸ் பணம் கொடுத்த விதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தொகையை விட அந்த விதம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கடனும் கொடுக்கும், மானியமும் கொடுக்கும், ஆனால் முழுச் செலவையும் தூக்கிக் கொடுக்காது. கம்பெனியும் தன் காசைப் போட வேண்டும். பெரிய கம்பெனி கையேந்தி வந்தால், ஒரு பல்கலைக்கழகத்தையோ வி.டி.டி.யையோ சின்னக் கம்பெனிகளையோ சேர்த்துக்கொண்டு வரச் சொல்லும். முயற்சி உண்மையாக நடந்து தோற்றுப்போனால் கடனில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யவும் வழி வைத்திருந்தார்கள். இதனால் பேராசிரியருக்குக் கம்பெனியில் என்ன சிக்கல் என்று தெரிந்தது, கம்பெனிப் பொறியாளருக்குப் பல்கலைக்கழகத்தில் யாரிடம் போய்க் கேட்கலாம் என்று தெரிந்தது. இந்த அறிமுகங்கள் எந்த பட்ஜெட் கணக்கிலும் வராது. பிற்பாடு சூப்பர்செல் என்ற கேம் கம்பெனி 2010ல் சிறியதாகத் தொடங்கியபோது டெக்கெஸ் கடன் வாங்கித்தான் ஓட்டியது. அடுத்த சில வருஷங்களில் அதன் நிறுவனர்கள் நாட்டிலேயே அதிக வரி கட்டுகிறவர்களின் பட்டியலில் மேலே வந்துவிட்டார்கள்.

சரி, இனி இரண்டாவது வீழ்ச்சி.

2009ல் பின்லாந்தின் ஆராய்ச்சிச் செலவு மொத்த உற்பத்தியில் சுமார் 3.7 சதவீதம். உலகிலேயே மேல்வரிசை. ஆனால் அதில் ஒரு பலவீனம் ஒளிந்திருந்தது. நாட்டின் மொத்த ஆராய்ச்சிச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நோக்கியா என்ற ஒரே கம்பெனியுடையது. ஐபோனும் ஆண்ட்ராய்டும் வந்து நோக்கியா போன் தொழில் சரிந்தபோது அந்தப் பங்கும் சேர்ந்து சரிந்தது. 2013ல் போன் பிரிவை மைக்ரோசாப்டுக்கு விற்பதாக அறிவித்தார்கள். இது வரைக்கும் அரசைக் குறை சொல்ல முடியாது.

குறை சொல்ல வேண்டியது அதற்குப் பிறகு நடந்ததை. தனியார் பணம் சரியும்போது அரசு தன் பணத்தைக் கூட்டியிருக்க வேண்டும், 90களில் செய்தது போல. இந்த முறை அரசும் சேர்ந்து குறைத்தது. 2010களின் தொடக்கத்திலேயே டெக்கெஸ் நிதியைத் தேய்க்க ஆரம்பித்தார்கள். 2015ல் யுஹா சிபிலா பிரதமரானதும் வெட்டு ஆழமானது. எனக்கு இதில் ரொம்ப வருத்தம் தருவது என்ன தெரியுமா? சிபிலா ஓலு பல்கலைக்கழகத்தில் படித்த பொறியாளர். அந்த வட்டாரத்தின் ரேடியோ கருவித் தொழிலில்தான் அவர் முன்னேறினார், சொத்தும் சேர்த்தார். எந்த அமைப்பு அவரை உருவாக்கியதோ, அதே அமைப்பின் நிதியை அவருடைய அரசு வெட்டியது. 2016 ஜனவரியில் ஹெல்சிங்கி பல்கலைக்கழகம் சுமார் 980 பணியிடங்களைக் குறைப்பதாக அறிவித்தது. அந்த வருஷம் ஆராய்ச்சிச் செலவு 2.7 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. விதைநெல்லைக் குத்திச் சாப்பிட்டார்கள் என்றுதான் சொல்வேன். இதைப் பிறகு நேர்மையாகப் பேசி, கட்சி வேறுபாடு இல்லாமல் சட்டம் வரைக்கும் கொண்டுபோனார்கள் என்பதற்காக அவர்களை மதிக்கிறேன்.

நோக்கியா சரிந்தபோது இரண்டு ஊர்களுக்கு நேர்ந்ததைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தெற்கில் சலோ: போன் தொழிற்சாலை இருந்த ஊர், பல்கலைக்கழகம் கிடையாது. 2012ல் தொழிற்சாலை மூடியதும் ஊரின் வரி வருமானமே சரிந்தது, மீள்வதற்கு வருஷக் கணக்கில் ஆனது. வடக்கே ஓலுவில் ஆயிரக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள், அங்கேயும் கண்ணீர்தான். ஆனால் அங்கே பல்கலைக்கழகமும் வி.டி.டி.யும் இருந்தன, ரேடியோ தெரிந்த பொறியாளர்கள் இருந்தார்கள். அவர்களைத் தேடிக்கொண்டு மீடியாடெக், நார்டிக் செமிகண்டக்டர் போன்ற வெளிநாட்டுக் கம்பெனிகள் ஓலுவுக்கு வந்தன. தூக்கத்தையும் உடல்நிலையையும் அளக்க விரலில் போடும் ஓரா மோதிரம் அந்த ஊரில் பிறந்தது. 2018ல் ஓலு பல்கலைக்கழகத்துக்குத்தான் 6ஜி ஆராய்ச்சித் திட்டம் கிடைத்தது.

நமக்கும் இந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு. 2006ல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கிய நோக்கியா தொழிற்சாலை 2014 நவம்பர் 1ஆம் தேதி நின்றது. வரி வழக்கினால் மைக்ரோசாப்ட் ஒப்பந்தத்துக்குள்ளும் அது சேரவில்லை. ஆயிரக்கணக்கான இளைஞர்கள், அதிலும் கிராமங்களிலிருந்து வந்த பெண்கள், வேலை இழந்தார்கள். ஸ்ரீபெரும்புதூரில் பொருத்துகிற வேலை இருந்தது, அந்தப் பொருளை யோசித்து உருவாக்குகிற வேலை வேறு ஊரில் இருந்தது. தொழிற்சாலை வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆலை வருகிற ஊருக்குப் பக்கத்தில் ஆய்வகமும் வர வேண்டும் என்று அன்றைக்கு நாம் யாரும் அழுத்திக் கேட்கவில்லை.

பணம் போட்ட உடனே பலன் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1965ல் ஒல்லி லோவுனாஸ்மா என்ற இயற்பியலாளர் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஒரு குளிர்நிலை ஆய்வகம் தொடங்கினார். அதற்குக் கீழே குளிரவே முடியாது என்கிற தனிச்சுழி வெப்பநிலைக்கு எவ்வளவு நெருங்க முடியும் என்று பார்க்கும் ஆய்வகம். விற்கிற மாதிரி அதில் எதுவும் இல்லை. பல பத்தாண்டுகள் அரசுப் பணத்தில் ஓடியது. அங்கே வேலை செய்ய நெதர்லாந்திலிருந்து வந்த இரண்டு பேர் 2008ல் புளூஃபோர்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். குவாண்டம் கணினிக்கு வேண்டிய கடுங்குளிரைத் தரும் கருவியில் இன்றைக்கு உலகத்தின் முன்னணிக் கம்பெனி அது. 1965ல் குவாண்டம் கணினி என்ற எண்ணமே இல்லை. ஐந்து வருஷத்தில் பலன் காட்டு என்று யாராவது லோவுனாஸ்மாவின் கழுத்தைப் பிடித்திருந்தால் ஆய்வகம் அப்போதே மூடியிருக்கும். அந்த அறிவின் வழியிலேயே 2018ல் ஐ.க்யூ.எம். என்ற குவாண்டம் கணினிக் கம்பெனியும் ஆல்டோ பல்கலைக்கழகம் (ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் பிறகு இதில் இணைந்தது), வி.டி.டி. இரண்டிலிருந்தும் பிறந்தது.

ரேடார் செயற்கைக்கோள் செய்யும் ஐஸ்ஐ கம்பெனியும் இப்படித்தான். ஆல்டோவில் மாணவர்கள் சின்ன செயற்கைக்கோள் செய்து பழகிய இடத்திலிருந்து வந்தது. நிறுவனர்களில் ஒருவர் போலந்துக்காரர். நூறு கிலோவுக்கும் குறைவான ரேடார் செயற்கைக்கோள் சாத்தியமே இல்லை என்று பலரும் சொன்ன நேரத்தில் செய்து காட்டினார்கள். அதன் முதல் செயற்கைக்கோள் 2018 ஜனவரியில் நம் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்துதான் போனது. மேகம் மூடியிருந்தாலும் இருட்டாக இருந்தாலும் தரையைப் பார்க்கும் அந்தப் படங்கள் பிறகு உக்ரைனுக்கும் பயன்பட்டன.

புளூஃபோர்ஸைத் தொடங்கியவர்கள் டச்சுக்காரர்கள். ஐஸ்ஐ நிறுவனர் போலந்துக்காரர். ஐ.க்யூ.எம். நிறுவனர்களிலும் வெளிநாட்டவர் உண்டு. சுமார் 56 லட்சம் பேர் கொண்ட நாடு உள்ளூர் ஆட்களை மட்டும் வைத்து 4 சதவீதத்தைத் தொட முடியாது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். இருந்தும் 2025 ஜூன் முதல், வேலை அனுமதியில் வந்த வெளிநாட்டவர் வேலை இழந்தால் மூன்று மாதத்துக்குள் வேறு வேலை தேட வேண்டும், நிபுணர்களுக்கும் இரண்டு வருஷத்துக்கு மேல் இருப்பவர்களுக்கும் ஆறு மாதம் என்று விதி வந்துவிட்டது. நல்ல நிலவரத்திலேயே ஆராய்ச்சி வேலைக்கு ஆள் எடுக்கப் பல மாதங்கள் ஆகும். அங்கே இருக்கும் தமிழ் நண்பர்கள் சிலர் வீடு வாங்கவே தயங்குகிறார்கள். குழந்தையை எந்த மொழிப் பள்ளியில் சேர்ப்பது என்று முடிவெடுக்க முடியவில்லை என்கிறார்கள். ஒரு கையால் ஆராய்ச்சிக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு மறு கையால் ஆராய்ச்சியாளரை வாசலுக்குத் தள்ளுவது எந்த விதத்திலும் நியாயமில்லை. இந்த விதியைப் பின்லாந்து மாற்ற வேண்டும்.

அப்புறம், சட்டம் அரசின் 1.2 சதவீதத்தைத்தான் கட்டுப்படுத்தும். மீதி 2.8 சதவீதத்தைப் போடச் சொல்லிக் கம்பெனிகளை எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்த முடியாது. வரிச்சலுகை கொடுத்திருக்கிறார்கள், நல்லது. ஆனால் இப்போதைக்கு மொத்தச் செலவு 3 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டியிருக்கிறது, அவ்வளவுதான். 2018ல் டெக்கெஸையும் ஏற்றுமதிக்கு உதவிய ஃபின்ப்ரோவையும் இணைத்து பிசினஸ் பின்லாந்து ஆக்கினார்கள். அதிலிருந்து சந்தைக்கு அருகில் இருக்கும் வேலைக்கே கவனம் சாய்கிறது என்ற கவலை ஆராய்ச்சியாளர்களிடம் இருக்கிறது. எனக்கும் இருக்கிறது. அடுத்த லோவுனாஸ்மா ஒரு விண்ணப்பத்தோடு வந்தால், உன் வாடிக்கையாளர் யார் என்று கேட்டு அனுப்பிவிடக் கூடாது.

இந்தச் சட்டத்தோடு சேர்ந்து எடுத்த ஒரு முடிவு எனக்கு ரொம்பப் பிடித்தது. 25.5 கோடி யூரோ ஒதுக்கி, 2024 முதல் 2027 வரை 1000 புதிய முனைவர் பட்ட ஆராய்ச்சியாளர்களைச் சம்பளத்தோடு எடுத்திருக்கிறார்கள். மூன்று வருஷத்தில் பட்டம் முடிக்க வேண்டும், பெரும்பாலோர் கம்பெனி வேலைக்கும் போக வேண்டும் என்று திட்டம். இவர்களில் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களும் உண்டு. 2027ல் அந்த நிதி முடியும்போது இவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் வேலை தேடி வெளியே வருவார்கள். கம்பெனிகள் தங்கள் பங்கை உண்மையாகவே போடுகின்றனவா என்பது அப்போது தெரிந்துவிடும். எடுக்கத் தயங்கினால் அரசு இவர்களுக்கு இன்னும் இரண்டு வருஷமாவது நிதி நீட்டிக்க வேண்டும். சட்டம் அதற்குத் தடை சொல்லவில்லை, பணமும் ஏறிக்கொண்டுதான் வருகிறது.