விமானத்தில் வந்தவருக்கும் பேருந்து வேண்டும்

சேலத்தை அடுத்த கமலாபுரம் விமான நிலையத்துக்குப் பேருந்து கேட்டு எழுதப்பட்ட பதிவும், அதன் கீழே ஒருவர் எழுதிய அந்த ஒற்றை வரியும் நான்கு நாட்களாகச் சேலத்துக்காரர்கள் எல்லோருடைய பக்கங்களிலும் சுற்றிக்கொண்டிருப்பதால், நடந்ததை மறுபடி விவரிக்கப் போவதில்லை. "விமானத்தில் வருகிறவனுக்குப் பேருந்து எதற்கு?" என்பதுதான் அந்த வரி. எழுதியவர் மீது எனக்குத் தனிப்பட்ட கோபம் இல்லை. ஆனால் அதற்கு விருப்பக்குறி இட்டவர்களில் பதினொரு பேர் என் நண்பர்கள், அவர்களில் மூன்று பேர் என்னோடு ஒரே பள்ளியில் படித்தவர்கள் என்பதைப் பார்த்த பிறகு பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை.

அந்தப் பதிவில் கேட்கப்பட்டது பெரிய காரியம் ஒன்றுமில்லை. விமானம் இறங்கும் நேரத்தை ஒட்டி, முனையத்தின் வாசலிலிருந்து ஓமலூர், கருப்பூர், குரங்குச்சாவடி வழியாகப் புதிய பேருந்து நிலையம்வரை ஒரு நகரப் பேருந்து ஓட வேண்டும் என்றுதான் கேட்டிருந்தார்கள். விமானச் சீட்டு ஒருவரைக் கமலாபுரம்வரைதான் கொண்டுவந்து விடுகிறது. அங்கிருந்து நகரத்தின் நடுப்பகுதி ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். அந்த இருபது கிலோமீட்டரையும் காசுள்ளவன் மட்டுமே கடக்கலாம் என்று சொல்வதற்கு நமக்கு எப்படி மனம் வருகிறது?

விமானத்தில் வருகிறவனிடம் பணம் இருக்கும் என்கிறீர்கள். என் கதையைச் சொல்கிறேன்.

2013ஆம் ஆண்டு வளைகுடாவில் நான் வேலை பார்த்த ஒப்பந்த நிறுவனம் நான்கு மாதச் சம்பளத்தைத் தராமல் நிறுத்திவிட்டது. முகாமில் என்னோடு தங்கியிருந்த ஆறு பேர் ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டு எனக்கு விமானச் சீட்டு எடுத்துக் கொடுத்தார்கள். சேலத்துக்கு அப்போது விமானம் இல்லாததால் பெங்களூருக்குத்தான் சீட்டு. விடியற்காலை நாலரை மணிக்குத் தேவனஹள்ளியில் இறங்கியபோது என் சட்டைப்பையில் இருந்தது ஆயிரத்து நூறு ரூபாய். வெளியே வந்ததும் ஒரு வாடகைக் கார்க்காரர் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, சேலம்வரை ஒன்பதாயிரம் ரூபாய் கேட்டார். நான் மறுத்ததும், விமானத்தில் வரத் தெரிகிறது, காருக்குக் கொடுக்கத் தெரியவில்லையா என்றார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக நான் மறக்க முயன்ற அதே வாசகத்தைத்தான் இந்த வாரம் என் நண்பர்கள் விருப்பக்குறி இட்டு எனக்குத் திருப்பித் தந்திருக்கிறார்கள்.

அன்று என்னைக் காப்பாற்றியது பெங்களூரு மாநகரப் போக்குவரத்துக் கழகம் விமான நிலையத்துக்கென்றே ஓட்டும் வாயு வஜ்ரா பேருந்து. தேவனஹள்ளி நகரத்துக்கு வடக்கே முப்பது கிலோமீட்டருக்கும் மேல் தள்ளியிருக்கிறது. நாம் போக வேண்டிய ஓசூர்ச் சாலையோ நகரத்தின் தென்கோடியில் இருக்கிறது. சேலத்துக்காரன் அங்கே இறங்கினால் பெங்களூரு முழுவதையும் கடந்துதான் ஊர் திரும்ப முடியும். அதைத் தெரிந்துதான் ஒரு பேருந்து நகரத்தின் நடுவிலுள்ள மெஜஸ்டிக் பேருந்து நிலையத்துக்கும், இன்னொன்று ஹெப்பாள், மாரத்தஹள்ளி, சில்க் போர்டு வழியாக எலக்ட்ரானிக் சிட்டிக்கும் என்று வழித்தடங்களைப் பிரித்து ஓட்டுகிறார்கள். நடத்துநர் கன்னடக்காரர். என் அட்டைப் பெட்டியைத் தாமே தூக்கி உள்ளே வைத்தார். எங்கே போக வேண்டும் என்று தமிழில் கேட்டு, ஓசூர்ப் பேருந்து எங்கே நிற்கும் என்பதையும் சொல்லி இறக்கிவிட்டார். கார்க்காரர் கேட்ட தொகையில் பத்தில் ஒரு பங்குகூடச் செலவாகாமல், ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் மாறி, மதியம் இரண்டு மணிக்குத் தாரமங்கலம் வந்து சேர்ந்தேன்.

கிருஷ்ணகிரிப் பேருந்து நிலையத்தில் நான் செய்த ஒரு காரியத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பெட்டியில் விமான நிறுவனம் ஒட்டியிருந்த சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டேன். வெளிநாட்டிலிருந்து வருகிறவன் டவுன் பஸ்ஸில் வந்து இறங்குகிறானே என்று தெருவில் யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்தேன். கேட்கத்தான் செய்தார்கள். கார் சேலத்தோடு நின்றுவிட்டது என்று அம்மா எனக்காகப் பொய் சொன்னார். "விமானத்தில் வருகிறவனுக்குப் பேருந்து எதற்கு" என்ற நினைப்பு நம் ஊரில் எவ்வளவு ஆழமாக இறங்கியிருந்தால், பொய்யே பேசாத என் அம்மா வாசலில் நின்று அப்படிச் சொல்லியிருப்பார்!

அந்தத் தேவனஹள்ளியில் 2021 ஜனவரியில் விமான நிலையத்துக்கு அருகே ரயில் நிறுத்தமும் திறந்துவிட்டார்கள்; மெட்ரோப் பாதையும் கட்டி வருகிறார்கள். சென்னையை எடுத்துக்கொள்ளுங்கள். மீனம்பாக்கத்தில் இறங்குகிறவர் ஜி.எஸ்.டி. சாலையைக் கடந்தால் திரிசூலம் ரயில் நிலையம். பத்து ரூபாய்க்கு மிகாத சீட்டில் எழும்பூர் போய்விடலாம். 2016 செப்டம்பரில் விமான நிலையத்துக்கு மெட்ரோ வந்தது. 2019 பிப்ரவரி முதல் தேனாம்பேட்டை, ஆயிரம் விளக்கு வழியாக நேரே சென்ட்ரலுக்கே போகலாம். போன ஆண்டு சிங்கப்பூரில் மகன் வீட்டிலிருந்து திரும்பிய என் அத்தையை மாலையில் அந்த மெட்ரோவில்தான் அழைத்துப் போய், சென்ட்ரலில் ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏற்றி உட்காரவைத்தேன். அறுபத்தெட்டு வயதில், மூட்டுவலியோடு, மின்தூக்கியில் ஏறி இறங்கி எந்தச் சிரமமும் இல்லாமல் வந்தார். அங்கேயும் குறை இருக்கிறது. மெட்ரோ காலை ஐந்து மணிக்குத்தான் ஓடத் தொடங்கும் என்பதால், அதிகாலை மூன்று மணிக்கு இறங்குகிறவர்கள் பெட்டிமேல் தலைசாய்த்து விடியலுக்காகக் காத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர்களைப் பார்த்து உனக்கு மெட்ரோ எதற்கு என்று சென்னையில் யாரும் கேட்பதில்லை. கோவையில் எத்தனையோ பேர் அவிநாசி சாலையில் சித்ரா நிறுத்தத்தில் இறங்கிப் பெட்டியை இழுத்துக்கொண்டு பீளமேடு விமான நிலையத்துக்கு நடக்கிறார்கள். அங்கும் யாரும் அதைக் கேவலமாக நினைப்பதில்லை.

நம் விமான நிலையம் உயிர் பெற்றதே எதனால் என்பதை நினைத்துப் பாருங்கள். 1993இல் திறந்து, பெரும்பாலான காலம் விமானமே வராமல் கிடந்த இடம் அது. 2018 மார்ச்சில், சிறு ஊர்களுக்கும் மலிவாக விமானம் விடும் ஒன்றிய அரசின் உடான் திட்டத்தின்கீழ் சென்னைக்கு விமானம் தொடங்கியது. இடையில் நின்று, 2023 அக்டோபரில் மீண்டும் வந்தது. ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய் என்று குறிப்பிட்ட அளவு இருக்கைகளுக்கு உச்சவரம்பு வைத்துத் தொடங்கப்பட்ட திட்டம் அது. ரப்பர் செருப்புப் போட்டவரும் விமானத்தில் பறக்க வேண்டும் என்று பிரதமரே 2017இல் சொல்லித்தான் அதைத் தொடங்கிவைத்தார். அந்த ரப்பர் செருப்புக்காரர் கமலாபுரத்தில் இறங்கிய பிறகு எதில் ஏறுவார் என்பதுதான் கேள்வி.

ஒரு நாளைக்கு வருகிற சில விமானங்களுக்காகப் பேருந்து விட்டால் காலியாக ஓடும் என்று ஒருவர் நிதானமாக எழுதியிருந்தார். அது நியாயமான கேள்விதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பயணிகளுக்காக மட்டும் யாரும் பேருந்து கேட்கவில்லை. முனையத்தைக் கூட்டித் துடைப்பவர்களும், காவல் நிற்பவர்களும், உணவகத்தில் தேநீர் ஊற்றுகிறவர்களும் விமானத்தில் வந்து இறங்குவதில்லை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. முனையத்தின் வாசல்வரை ஒரு பேருந்து வந்தால் அங்கே துப்புரவு வேலை செய்யும் பெண்களுக்கு மாதச் சம்பளத்தில் எவ்வளவு மிஞ்சும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நெடுஞ்சாலையில் தருமபுரிப் பேருந்துகள் இரவும் பகலும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. ஓமலூரோடு திரும்பும் நகரப் பேருந்துகளில் ஒன்றிரண்டை விமான நேரத்துக்கு உள்ளே திருப்பிவிடுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

வாடகைக் கார் ஓட்டுகிறவர்கள் பிழைப்பு என்னாகும் என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் என் மாமா மகனே ஓமலூரில் கார் ஓட்டித்தான் குடும்பம் நடத்துகிறான். அவனிடமே கேட்டேன். குடும்பத்தோடும் ஐந்து பெட்டிகளோடும் வருகிறவர் எப்படியும் கார்தான் பிடிப்பார், தனியாளாக ஒரு பையோடு வருகிறவர் கட்டணத்தைக் கேட்டுவிட்டு நெடுஞ்சாலையை நோக்கி நடந்துவிடுகிறார், அவரால் எனக்கு இன்றைக்கும் வருமானம் இல்லை என்றான். இதற்கு மேல் இதில் சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. அந்த விமான நிலையத்தை விரிவாக்குவதற்காகக் கமலாபுரம், பொட்டியபுரம், தும்பிப்பாடி, சிக்கனம்பட்டி ஆகிய ஊர்களில் நிலம் கேட்டபோது, அந்த விவசாயிகள் எத்தனை நாட்கள் தெருவில் நின்றார்கள் என்பது நமக்குத் தெரியும். தோட்டத்தையும் கிணற்றையும் வீட்டையும் கேட்டது ஊரின் வளர்ச்சிக்காக என்று அன்றைக்கு அவர்களுக்கு விளக்கம் சொன்னோம். அந்த ஊர்களைச் சேர்ந்த ஒருவர் நாளைக்கு வெளிநாட்டில் கூலி வேலை முடித்துத் திரும்பி அங்கேயே வந்து இறங்கினால், உனக்குப் பேருந்து எதற்கு என்று அவரையும் கேட்போமா? யாருடைய வளர்ச்சிக்காக யாருடைய கிணறு போகிறது? இதை எழுதும்போது என் கை நடுங்குகிறது. விஷயத்தை விட்டு விலகிப் போகிறேன் என்று சிலர் சொல்லக்கூடும். விலகவில்லை, அந்த ஒரு வரியில் இதுவும் சேர்ந்துதான் இருக்கிறது.

அந்த வரியை எழுதிய நண்பருக்கு: நீங்கள் அதை நீக்க வேண்டாம், மன்னிப்பும் கேட்க வேண்டாம். ஒரு முறை காரை வீட்டிலேயே வைத்துவிட்டு, ஒரு பெட்டியோடு கமலாபுரத்திலிருந்து பழைய பேருந்து நிலையம்வரை வந்து பார்த்துவிட்டு எழுதுங்கள். அதற்குப் பிறகும் அதே வரியைத்தான் எழுதுவீர்கள் என்றால் நான் வாயைத் திறக்க மாட்டேன்.

வரும் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுக் கொடுக்கப் போகிறேன். மனுவில் விமானம் இறங்கும் நேரங்களையும், ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம் கழித்துப் பேருந்து புறப்பட வேண்டிய நேரத்தையும் எழுதிவைத்திருக்கிறேன். காலை ஒன்பதரை மணிக்கு ஆட்சியர் அலுவலக வாசலில் இருப்பேன். விருப்பக்குறி இட்ட அந்தப் பதினொரு பேரும் வந்தால், கையெழுத்துப் போட இடம் விட்டிருக்கிறேன்.