கேட்டுக்குக் கேட் நின்ற ரயிலும் நம்முடைய சிரிப்பும்

திருவாரூர்–காரைக்குடி ரயிலை வைத்து நம்மூர் ஆட்கள் கேலி பேசும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக வருகிறது. போன வாரம் இங்கே மலேசியாவில், பினாங்கு பட்டர்வொர்த்தில் ஒரு கல்யாண விருந்தில் மறுபடியும் அதே பேச்சு. "கேட்டைச் சாத்துறதுக்கு ரயில்லேர்ந்தே ஆள் எறங்கி ஓடுவானாம். அங்கதான்யா இதெல்லாம் நடக்கும்" என்று ஒரு மாமா சொல்ல, மேசை முழுக்கச் சிரிப்பு. சம்பந்தி வீட்டார் முன்னால் வாக்குவாதம் வேண்டாமே என்று ரசத்தை ஊற்றிக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டேன். சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பாதை நமக்கு அந்நியம் இல்லை. திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், பட்டுக்கோட்டை, பேராவூரணி, அறந்தாங்கி என்று நிலையங்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். பினாங்கில் எத்தனை பேர் "எங்க தாத்தா ஊரு" என்று கையைத் தூக்குவார்கள்! அதன் முதல் பகுதி 1894இல் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை தஞ்சாவூர் ஜில்லா போர்டு போட்டது. நிலவரியோடு தனியாக ஒரு வரி வாங்கி, ஊர்க்காசில் போட்ட பாதை. பிறகு பட்டுக்கோட்டைக்கும் அறந்தாங்கிக்கும் நீண்டது. காரைக்குடியைத் தொட்டது சுதந்திரத்துக்குப் பிறகுதான். எங்கள் தாத்தா பேராவூரணியில் ரயிலேறி, திருவாரூரில் வண்டி மாறி, நாகப்பட்டினத்தில் கப்பல் பிடித்து இங்கே வந்தவர். உங்களில் பலருடைய தாத்தா பாட்டியும் அப்படித்தான் வந்திருப்பார்கள்.

குறுகலான மீட்டர் கேஜ் தண்டவாளம் இருந்த காலத்தில் கம்பன் எக்ஸ்பிரஸ் இந்த வழியாகத்தான் ராத்திரியோடு ராத்திரியாகச் சென்னைக்கு ஓடியது. அகலப்பாதையாக மாற்றுவதற்காக 2012இல் பாதையை மூடினார்கள். பட்டுக்கோட்டை–காரைக்குடிப் பகுதி 2018இல் திறந்தது; அதுவும் வாரத்துக்கு இரண்டு நாள் வண்டி. திருவாரூர்–பட்டுக்கோட்டைப் பகுதி 2019 ஜூனில். மொத்தம் 149 கிலோமீட்டர். ஏழு வருடம் என்றால், ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை ரயிலே பார்க்காமல் ஏழாம் வகுப்பை முடித்திருக்கும். நடுவில் 2018 நவம்பரில் கஜா புயல் வேறு. பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தென்னந்தோப்புகள் படுத்த படுக்கையாகின. இங்கே நாமும் கோயில்களிலும் பள்ளிவாசல்களிலும் உண்டியல் வைத்துக் காசு சேர்த்தோமே, அந்தப் புயல்தான்.

அந்த 2019இல், மழை பிடிப்பதற்கு முன்னால், நான் திருவாரூரில் ஏறினேன். சித்தப்பா மகன் போனில் தடுத்துப் பார்த்தான். "கார் அனுப்புறேண்ணே, எதுக்கு ரயிலு? பொழுது போயிரும்." எனக்குத் தாத்தா வந்த பாதையில் போக வேண்டும் என்று ஆசை. டீசலில் ஓடும் டெமு வண்டி. புது ஜல்லி, புது நடைமேடை, பெயின்ட் வாசனைகூடப் போகவில்லை. முதல் கேட் வரைக்கும் ஜோராக ஓடியது. அப்புறம் நின்றது.

முன்னாலிருந்து ஒருவர் இறங்கிப் போய்க் கேட்டைச் சாத்திப் பூட்டினார், கொடி காட்டினார். வண்டி ஊர்ந்து கேட்டைத் தாண்டி மறுபடி நின்றது. கடைசிப் பெட்டியில் இருந்த இன்னொருவர் இறங்கிக் கேட்டைத் திறந்துவிட்டார். இருவரும் ஏறிக்கொண்டதும் புறப்பட்டது. வேகம் பிடிப்பதற்குள் அடுத்த கேட். அந்தப் பாதையில் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு கேட் வரும். இவர்களுக்கு 'மொபைல் கேட்கீப்பர்' என்று பெயர். இப்படியே காரைக்குடி போய்ச் சேர ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பத்திரிகைகளிலும் அப்போது வந்த செய்திதான்.

எனக்கு எதிரே ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார். "கம்பன் ஓடுன பாதை தம்பி இது. இப்ப ஜான்வாசம் மாதிரி ஊர்கோலம் போவுது" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். ஒரு கேட்டில் எங்களுக்காகக் காத்திருந்த பட்டுக்கோட்டை பஸ்ஸை இன்னொரு கேட்டில் மறுபடி பார்த்தோம் என்றும் சொன்னார். அதை நான் கவனிக்கவில்லை, அவர் கொஞ்சம் கூட்டிச் சொன்னாரோ என்னவோ. பக்கத்தில் ஒரு அம்மா, திருவாரூர் மருத்துவக் கல்லூரியில் காட்டிவிட்டு வந்தவர், முழங்காலில் கட்டு. அவருக்கு ரயில் மேல் ஒரு புகாரும் இல்லை. "பஸ்ஸுல ஏறவும் முடியல, எறங்கவும் முடியல. இதுல காலை நீட்டி ஒக்காந்துக்கலாம். லேட்டானா ஆவட்டும்" என்றார். இந்த இரண்டு பேர் பேச்சையும் நான் இன்றுவரை சேர்த்தே யோசிக்கிறேன். ஒருவருக்கு ரயில் என்றால் வேகம். இன்னொருவருக்கு ரயில் என்றால் உட்கார ஒரு இடம். முதலாமவர் பஸ்ஸுக்குப் போய்விடலாம். இரண்டாமவருக்குப் போக்கிடம் இல்லை.

அந்த அம்மாவுக்கும் ஒரு கஷ்டம் இருந்தது. நாங்கள் இருந்த பெட்டியில் கழிவறை கிடையாது. ஆறு மணி நேரப் பயணத்துக்கு! பெண்கள் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். கேட்டில் நிற்பதைக் காணொளி எடுத்துப் போட்டவர்கள் யாரும் இதைப் போடவில்லை.

சரி, ஏன் கேட்டுக்கு ஆள் இல்லை? என் கோபம் இங்கேதான். தண்டவாளம், பாலம், நிலையம் இதெல்லாம் ஒரு தடவைச் செலவு. ஒப்பந்தம் போடலாம், ரிப்பன் வெட்டலாம், கல்வெட்டில் பெயர் போடலாம். கேட்கீப்பர் என்றால் மாதா மாதம் சம்பளம், மூன்று ஷிப்டு, விடுப்பு எடுத்தால் மாற்று ஆள். இந்தியாவில் அகலப்பாதையில் ஆளில்லாக் கேட்டே இருக்கக் கூடாது என்று 2019 தொடக்கத்துக்குள் எல்லாவற்றையும் ஒழித்துவிட்டார்கள். நல்ல முடிவு. அப்படியானால் பாதை தயாராகும்போதே ஒவ்வொரு கேட்டுக்கும் ஆளும் தயாராக இருக்க வேண்டாமா? 2012இலிருந்து 2019 வரை அந்தக் கேட்டுகள் அங்கேதானே இருந்தன? திடீரென்று முளைக்கவில்லையே.

அதனால் ரயிலிலிருந்து இறங்கிக் கேட்டைச் சாத்திய அந்த இரண்டு பேரைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெயிலில் அத்தனை கேட்டுக்கும் இறங்கி ஏறினார்கள். 2025 ஜூலையில் கடலூர் செம்மங்குப்பம் கேட்டில் பள்ளி வேன் மீது ரயில் மோதிப் பிள்ளைகள் செத்துப்போன செய்தியை நாம் எல்லோரும் படித்தோம். ஒரு கேட் சரியாகச் சாத்தப்படாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வேறு உதாரணம் வேண்டாம். ஆள் இல்லாத கேட்டில் ஓட்டிப் பார்க்காமல், நின்று சாத்திவிட்டுப் போனார்களே, அதுவரைக்கும் நல்லது.

எந்தப் புது ஏற்பாட்டுக்கும் பாலாரிஷ்டம் உண்டு, போகப்போகச் சரியாகிவிடும் என்பார்கள். கேட்டுக்கு ஆள் வந்ததும் உண்மைதான். முன்னாள் ராணுவத்தினரை ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். கொரோனாவில் நின்ற வண்டி திரும்ப ஓடத் தொடங்கியபோது பயண நேரம் வெகுவாகக் குறைந்திருந்தது. ஆனால் அதற்குள் நடந்துபோன சேதத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ரயில் திரும்ப வந்ததும் ஜனங்கள் ஆசையாக ஒருமுறை ஏறிப் பார்க்கிறார்கள். அரை நாள் போய்விடுகிறது. மறுநாள் பஸ்ஸுக்கே திரும்புகிறார்கள். கல்லூரிப் பையன் தவணையில் பைக் எடுத்துவிடுகிறான். ஒரு தடவை பழக்கம் மாறினால் அந்தப் பையனை மறுபடி ரயிலுக்கு இழுப்பது லேசில்லை. அப்புறம் ஒரு அதிகாரி வந்து காலிப் பெட்டிகளை எண்ணிப் பார்த்து, "கூட்டம் இல்லையே, எதற்கு இன்னொரு வண்டி?" என்று கேட்பார். கூட்டத்தைத் துரத்தியது யார் என்ற கேள்வி அந்தக் கோப்பில் இருக்காது.

போதாக்குறைக்குக் கட்டணம். கொரோனாவுக்குப் பிறகு சாதாரணப் பாசஞ்சர் வண்டிகளுக்கும் எக்ஸ்பிரஸ் கட்டணம் என்றாகி, பத்து ரூபாய்க் குறைந்தபட்ச டிக்கெட் முப்பது ரூபாய் ஆனது. 2024இல்தான் பழைய கட்டணம் திரும்பியது. நமக்கு முப்பது ரூபாய் என்றால் இரண்டு ரிங்கிட்கூட இல்லை. தென்னை விழுந்து வருமானம் போன ஊரில், அடுத்த நிலையத்துக்குக் கூடை தூக்கிப் போகிற பெண்ணுக்கு அது பெரிய காசு.

கேட்டை எடுத்துவிட்டுச் சுரங்கப்பாதை வெட்டிய இடங்களின் கதை தனி. டெல்டாவில் தரைக்குக் கீழே பள்ளம் தோண்டினால் ஐப்பசி மழையில் என்ன ஆகும் என்று அந்த ஊர்ச் சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர் சுற்றிக்கொண்டு போகிறது. இதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

இப்போது நிலைமை எவ்வளவோ மேல். 2023 ஏப்ரலில் தாம்பரம்–செங்கோட்டை எக்ஸ்பிரஸ் வந்தது. அதே நாளில் திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் பக்கம் அகஸ்தியம்பள்ளி வரை 37 கிலோமீட்டர்ப் பாதையும் உயிர் பெற்றது. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்தபோது ராமேஸ்வரம்–தாம்பரம் வண்டியை இந்த வழியாகவே விட்டார்கள். சந்தோஷம்தான். ஆனால் இந்த வண்டிகள் யாருக்கு வசதி என்று பாருங்கள். தாம்பரத்தில் மாலையில் ஏறினால் பட்டுக்கோட்டைப் பக்கம் வரும்போது நடுராத்திரி. சென்னைக்காரருக்கும் ராமேஸ்வரம் போகிறவருக்கும் நல்ல நேரம். என்னைப் போல பினாங்கிலிருந்து நேராகச் சென்னைக்குப் பறந்துபோய் இறங்குகிறவனுக்கும் ரொம்ப வசதி. ஆனால் ஒட்டங்காட்டிலோ ஆயிங்குடியிலோ இருப்பவருக்குக் காலையில் வேலைக்கும் கல்லூரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்ச் சாயங்காலம் வீடு திரும்ப வண்டி வேண்டும். என் சித்தப்பா மகன் இப்போதும் ரயிலில் ஏறுவதில்லை. "எனக்கு வேணுங்கிற நேரத்துல வந்தா ஏற மாட்டேனா?" என்கிறான். அவன் சொல்வதில் தப்பே இல்லை.

இதெல்லாம் "அங்கே" மட்டும் நடப்பது என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் பினாங்குக் கொடிமலை ரயிலை 2010இல் மூடிப் புதுப் பெட்டி போட்டு 2011இல் திறந்தார்களே, திறந்த புதிதில் எத்தனை முறை நின்றது, எவ்வளவு பேசினோம், மறந்துபோயிற்றா? கோலாலம்பூரில் 2018 மே மாதம் திறந்த, சுபாங் விமான நிலையம் போகிற ஸ்கைபார்க் ரயில் 2023 பிப்ரவரியில் நின்றேபோனது. போதிய ஆள் ஏறவில்லை. கிளந்தானில் 2014 டிசம்பர் வெள்ளம் கெமுபு ரயில் பாலத்தை அடித்துக்கொண்டு போன பிறகு, அந்தப் பாதை முழுசாக இணைய வருஷக்கணக்கில் ஆனது. டாபோங் பக்கத்துக் கம்போங் (கிராம) மக்களுக்கு ரயில்தான் சாலை. பள்ளிக்கூடத்து டீச்சர்கூட அதில்தான் வந்துபோவார். அவர்கள் அத்தனை காலம் எப்படிச் சமாளித்தார்கள் என்று நம் குழுக்களில் யாராவது ஒரு வரி எழுதியதாக எனக்கு நினைவில்லை.

இன்னொன்று. இறால் சாப்பிடக் கோலா செபெத்தாங் போகிறவர்கள் அங்கே 'போர்ட் வெல்ட்' என்ற பழைய நிலையப் பலகையோடு படம் எடுத்துக்கொள்கிறோம். 1885இல் தைப்பிங்கிலிருந்து அங்கேதான் மலாயாவின் முதல் ரயில் ஓடியது. அந்தப் பலகையில் தமிழும் இருக்கிறது. தண்டவாளம்தான் இல்லை. ஓடாமல் போன ரயிலோடு செல்ஃபி எடுக்கிறோம், தட்டுத் தடுமாறியாவது திரும்ப ஓடுகிற ரயிலைக் கேலி செய்கிறோம். எனக்கு இது பிடிபடவில்லை.

நமக்கும் ஒரு சோதனை வருகிறது. கோத்தாபாருவிலிருந்து கோம்பாக் வழியாகக் கிள்ளான் துறைமுகம் வரை 665 கிலோமீட்டருக்குக் கிழக்குக்கரை ரயில். கோம்பாக் வரையிலான பகுதி 2027 தொடக்கத்தில் ஓடும் என்கிறார்கள். முதல் மாதத்தில் எங்காவது ஒரு வண்டி நிற்கும், அந்தக் காணொளி எனக்கும் நாலு குழுவிலிருந்து வரும். வரட்டும். அதைவிட எனக்கு வேறு சில விஷயங்கள் தெரிய வேண்டும். ஊருக்கு வெளியே இருக்கிற நிலையத்தில் கடைசி ரயிலில் இறங்குகிற ஆளுக்கு வீட்டுக்குப் போகப் பஸ் உண்டா? காலை எட்டு மணி வேலைக்குப் போய்ச் சேருகிற மாதிரி உள்ளூர் வண்டி உண்டா? முதல் ஆறு மாதம் ஆள் குறைந்தால் வண்டியைக் குறைப்பார்களா, இல்லை நேரத்தை மாற்றிப் பார்ப்பார்களா? கிளந்தானிலோ திரெங்கானுவிலோ பகாங்கிலோ இருக்கிற நண்பர்கள் யாருக்காவது இதில் ஏதாவது தெரிந்தால் கீழே எழுதுங்கள்.