பழைய சிட்காமைப் பழசாக்குவது செல்போன் இல்லை

"ஒரு செல்போன் இருந்திருந்தா இந்த எபிசோடு அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும்." பழைய அமெரிக்க சிட்காம், அதாவது டிவி நகைச்சுவைத் தொடர், பற்றி யார் எழுதினாலும் கீழே இந்தக் கமென்ட் வந்துவிடுகிறது. உண்மைதான். ஆனால் அதை ஒரு குறையாகச் சொல்வதை ஏற்க முடியவில்லை.

1991இல் வந்த 'சைன்ஃபெல்டு' தொடரின் சைனீஸ் ரெஸ்டாரன்ட் எபிசோடைப் பாருங்கள். டேபிள் கிடைக்கக் காத்திருப்பதுதான் மொத்தக் கதையும். ஜார்ஜ் தன் காதலிக்கு போன் செய்தாக வேண்டும். இருப்பதோ காசு போட்டுப் பேசும் ஒரு போன், அதைப் பிடித்தவர்கள் விடுவதாயில்லை. கடைசியில் அவளே ஓட்டலுக்குக் கூப்பிடுகிறாள். ஜார்ஜின் குடும்பப் பெயரான கோஸ்டான்ஸாவை ஓட்டல்காரர் "கார்ட்ரைட்! கார்ட்ரைட்!" என்று கத்த, அது தனக்கான அழைப்பு என்றே ஜார்ஜுக்குத் தெரியாமல் போகிறது. அந்த மாதிரி போனைப் பார்த்தே இராத 20 வயதுக்காரரும் இதற்குச் சிரிப்பார். தடை என்ன என்று கதையே காட்டிவிடுகிறதே. அதே வருஷத்து இன்னொரு எபிசோடில், போனை எடுக்காத ஒரு பெண்ணின் ஆன்சரிங் மெஷினில் (பேசுவதைக் கேசட்டில் பதிந்துவைக்கும் கருவி) கோபத்தில் பேசிவைத்துவிட்டு, அவள் கேட்பதற்குள் கேசட்டை மாற்ற ஜார்ஜ் படும் பாடு. வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, நீல டிக் விழுவதற்குள் அழிக்கப் பதறுகிறவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சரி, தொழில்நுட்பத்தையே பெருமை பேசும் காட்சிகள்? 1995இல் 'ஃப்ரெண்ட்ஸ்' தொடரில் சாண்ட்லர் புது லேப்டாப்பின் அருமையை அடுக்குவான்: 12 எம்பி ரேம், 500 எம்பி ஹார்ட் டிஸ்க், 28,000 பிபிஎஸ் தாண்டும் மோடம். இன்றைக்கு மலிவான போன்கூட இதையெல்லாம் எங்கேயோ தாண்டிவிட்டது. ஆனால் ஜோக் அந்த எண்களில் இல்லை. இதை வைத்து என்ன செய்யப் போகிறாய் என்றால், கேம்ஸ் ஆடுவதற்காம். அந்தப் பதில் கொஞ்சமும் பழசாகவில்லை.

உடையைப் பற்றிக் கவலையே வேண்டாம். 'சைன்ஃபெல்டு' நாயகன் ஜெர்ரியின் உயர்ந்த இடுப்பு ஜீன்ஸையும் வெள்ளை ஸ்னீக்கரையும் ஒரு காலத்தில் கிண்டலடித்தார்கள். பிறகு அதையே கடையில் தேடி வாங்கினார்கள்.

அப்படியென்றால் சில தொடர்கள் மட்டும் ஏன் போட்டவுடனே அரதப் பழசாகத் தெரிகின்றன? முதல் காரணம், எதில் பதிவு செய்தார்கள் என்பது. 1951இல் தொடங்கிய 'ஐ லவ் லூசி'யை 35 மிமீ ஃபிலிமில், மூன்று கேமராக்களில் எடுத்தார்கள். நெகட்டிவை மறுபடி ஸ்கேன் செய்தால் இன்றைய திரைக்கும் போதுமான நுணுக்கம் கிடைக்கும். 1971இல் வந்த 'ஆல் இன் த ஃபேமிலி' வீடியோ டேப்பில் பதிவானது. அதில் படத்துக்கு இருப்பதே சுமார் 480 கிடைக்கோடுகள், எத்தனை முறை ஸ்கேன் செய்தாலும் இல்லாதது வராது. 20 வருஷம் மூத்த தொடர் இளசாகத் தெரிவது இதனால்தான்.

இரண்டாவது காரணம்தான் கோபத்தைக் கிளப்புகிறது. இந்தத் தொடர்களெல்லாம் பழைய டிவியின் 4:3 (அகலம் 4, உயரம் 3) திரை அளவுக்காகவே காட்சி அமைக்கப்பட்டவை. அதை இன்றைய அகலமான 16:9 திரையில் ஓரம் விடாமல் நிரப்ப, மேலேயும் கீழேயும் வெட்டுகிறார்கள். 4:3 படத்தை அப்படியே வெட்டினால் உயரத்தில் கால்வாசி போய்விடும். 'ஃப்ரெண்ட்ஸ்', 'சைன்ஃபெல்டு' போல ஃபிலிமில் எடுத்தவற்றுக்கு நெகட்டிவில் பக்கவாட்டில் கொஞ்சம் மிச்சம் உண்டு, அதனால் இழப்பு குறைவு. ஆனால் அந்த மிச்சம் யாரும் பார்க்கக்கூடாது என்று ஒதுக்கிய இடம். செட்டின் ஓரமும், நடிகருக்குப் பதிலாக நிற்கும் டூப்பும் அங்கேதான் இருக்கிறார்கள். 2021இல் நெட்ஃபிளிக்ஸில் 'சைன்ஃபெல்டு' வந்தபோது, சாலைப் பள்ளத்தைப் பற்றிய எபிசோடில் அவர்கள் பார்த்துப் பேசுகிற பள்ளத்தையே காணோம், கீழே வெட்டுப்பட்டுவிட்டது. 'சிம்ப்சன்ஸ்' கார்ட்டூன் தொடரில் டஃப், டஃப் லைட், டஃப் டிரை என்று மூன்று பீர் தொட்டிகள் நிற்கும், மூன்றுக்கும் மேலேயிருந்து வருவது ஒரே குழாய். அகலத் திரையில் அந்தக் குழாய் போனது, கூடவே ஜோக்கும். பிறகு அந்த ஜோக்குக்கு இன்றைய தலைமுறை சிரிப்பதில்லை என்று எழுதுவது என்ன நியாயம்?

மிச்சக் கெடுதலை நம் வீட்டு டிவி செய்கிறது. ஃபிலிமில் நொடிக்கு 24 படம். டிவி இடையில் தானாகப் படங்களை உருவாக்கிச் செருகுவதால், எல்லாமே மலிவான வீடியோ போல வழுக்கிக்கொண்டு ஓடும். எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ, சாம்சங்கில் பிக்சர் கிளாரிட்டி அல்லது ஆட்டோ மோஷன் பிளஸ் என்று இருக்கும். அதை ஆஃப் செய்யுங்கள். பிக்சர் சைஸில் ஜூம் இருந்தால் எடுத்துவிடுங்கள். முகங்கள் அகலமாக இழுபட்டிருந்தால் மட்டும் 4:3 வையுங்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை ஏற்கெனவே இருக்கும்போது 4:3 வைத்தால் எல்லோரும் ஒட்டடைக்குச்சி ஆகிவிடுவார்கள்.

வெட்டிய படத்தை மட்டும் நம்மால் சரிசெய்ய முடியாது, அதைத் தருகிறவர்கள்தான் செய்ய வேண்டும். ரசிகர்கள் விடாமல் கேட்ட பிறகு, 2020இல் டிஸ்னி பிளஸ் 'சிம்ப்சன்ஸ்' தொடருக்கு 4:3இல் பார்க்க ஒரு சுவிட்ச் வைத்தது. அதே சுவிட்சை மற்ற தொடர்களுக்கும் வைக்கச் சொல்லி, பணம் கட்டிப் பார்க்கிற நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.