பற்றை விட்டேன் என்று நினைத்த மூன்று மாதங்கள்

போன வெள்ளிக்கிழமை கோயில் பூஜை முடிந்து பின்கட்டில் பசியாறிக்கொண்டிருந்தோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு தங்கச்சி மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, சாமி வழியில போறவங்க யார் மேலயும் பாசம் வைக்கக்கூடாதாமே? செத்தவங்களுக்காக அழுதா அவங்க ஆத்மா போக முடியாம தவிக்குமாமே?" அவளுடைய அம்மா தவறி நான்கு மாதம்தான் ஆகிறது. யாரோ புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பிய செய்தியைப் படித்துவிட்டு, அன்றிலிருந்து அழுகையை அடக்கிக்கொண்டிருக்கிறாள். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. இட்லித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. "அழு தங்கச்சி, நல்லா அழு" என்று மட்டும் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

எனக்கு 56 வயது. மலேசியாவில் ரந்தாவ் பக்கத்துத் தோட்டமொன்றில் லயத்து வீட்டில் பிறந்தவள். பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை வந்த பிறகு எங்கள் குடும்பமும் டவுனுக்கு, தாமான் (குடியிருப்பு) வீட்டுக்கு வந்துவிட்டது. ஒன்பது வருடம் சிரம்பானில் ஒரு தியான வகுப்புக்குப் போனேன். விடியற்காலை நாலரைக்கு எழுந்து விளக்கேற்றி உட்காரும் பழக்கம் அங்கே வந்தது, இன்றும் இருக்கிறது. அந்த நன்றியை மறக்கவில்லை. ஆனால் அதே வகுப்பிலிருந்து நான் தப்பாக எடுத்துக்கொண்டு வந்த ஒன்றும் உண்டு.

எனக்கு ஒரே தம்பி. முப்பது வயதிலேயே இனிப்பு நீர். நாற்பத்தேழில் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்தில் மூன்று நாள், செவ்வாய், வியாழன், சனி, ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம் டயாலிசிஸ். கல்யாணம் ஆகவில்லை. அவனோடு பழகுவது லேசான காரியம் இல்லை. அம்மா முப்பது வருடம் பால்மரம் வெட்டி, அதாவது மரத்தில் பட்டை சீவிப் பால் எடுத்துச் சேர்த்த சேமநிதிப் பணத்தில் எவ்வளவு அவன் கையில் கரைந்தது என்று எனக்குத்தான் தெரியும். கடன் கேட்பான், கொடுத்தால் திரும்ப வராது, கேட்டால் சண்டை. அப்படி ஒரு சண்டைக்குப் பிறகு வகுப்பில் உட்கார்ந்து அழுதேன். வகுப்பு நடத்திய பெரியவர் அன்பாகத்தான் சொன்னார்: "அது அவரோட கர்மாம்மா. நீங்க குறுக்க போகாதீங்க. பற்றை விடுங்க, பாரம் தானா போயிடும்."

போனது. உண்மையாகவே போனது. தம்பியிடம் இனி எனக்கு போன் பண்ணாதே என்று சொன்னேன். அவன் பக்கத்து வீட்டுக்காரர் காடியில் (காரில்) டயாலிசிஸுக்குப் போய்க்கொண்டிருந்தான். நான் தியானத்தில் முன்னைக் காட்டிலும் ஆழமாக உட்கார்ந்தேன். மூன்று மாதம் மனதில் ஒரு அலைகூட இல்லை. வைராக்கியம், அதாவது பற்றில்லாத நிலை என்றால் இதுதான் என்று நினைத்தேன்.

ஒரு சனிக்கிழமை விடியற்காலை ஐந்து மணி இருக்கும். தியானத்தில் இருக்கும்போது விளக்குக்குப் பக்கத்தில் போன் அதிர்ந்தது. அவன் பெயர். எடுக்கவில்லை. மறுபடியும் அதிர்ந்தது. மனம் அசையாமல் இருந்ததை எண்ணி, இதை எழுதவே கை கூசுகிறது, எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அன்றைக்குப் பக்கத்து வீட்டுக்காரரின் காடி கிளம்பவில்லை. இவன் ரோட்டோரம் நின்று எனக்கு இரண்டு முறை அடித்துவிட்டு, வேறு யாரிடமும் கேட்க ரோஷப்பட்டு, வீட்டுக்குத் திரும்பிவிட்டான். சனி தவறினால் அடுத்தது செவ்வாய்தான். வியாழக்கிழமைக்குப் பிறகு உடம்பில் சேர்ந்த தண்ணீர் அத்தனையும் இறங்க வழியில்லாமல் நின்றது. திங்கள் ராத்திரி மூச்சு முட்டி, நுரையீரலில் தண்ணீர் ஏறி, ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள்.

பிழைத்துக்கொண்டான். நான் வார்டுக்குப் போனபோது மூக்கில் குழாயோடு தூங்கிக்கொண்டிருந்தான். இடது கை போர்வைக்கு வெளியே கிடந்தது. டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகத் தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்திருக்கிற கை அது. முழங்கைக்குக் கீழே நரம்பு கயிறு மாதிரி புடைத்து, ஊசி குத்திக் குத்தித் தழும்பேறிக் கிடந்தது. நான் அதைத் தொட்டதே இல்லை. விரலை வைத்தேன். உள்ளே விடாமல் ரீங்காரம். தேன்கூட்டின் மேல் கை வைத்த மாதிரி, தோலுக்கு அடியில் ரத்தம் பாய்கிற அதிர்வு. அந்த அதிர்வு இருக்கும் வரைதான் அந்தக் கை வேலை செய்யும் என்று நர்ஸ் பிள்ளை சொன்னது. எவ்வளவு நேரம் விரலை எடுக்காமல் நின்றேன் என்று தெரியாது. ஒன்பது வருடத்தில் எந்தத் தியானத்திலும் நான் அப்படி நின்றதில்லை.

அன்றைக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். மூன்று மாதமாக நான் பற்று விட்டவளாக இருக்கவே இல்லை. என் நிம்மதியின் மேல், என் நாலரை மணியின் மேல், கலையாத என் விளக்கு வெளிச்சத்தின் மேல் எனக்கிருந்த பற்று கழுத்து வரை இருந்தது. அதற்கு இடைஞ்சலாக இருந்த ஒரு மனிதனைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு, அதற்குத் துறவு என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

இந்த ஏமாற்றம் புதிதில்லை. ஐந்தாம் நூற்றாண்டில் இலங்கையில் இருந்து விசுத்திமக்கம் என்ற தியான நூலை எழுதிய பௌத்தத் துறவி புத்தகோசர் இதை அழகாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார். ஒவ்வொரு நல்ல குணத்துக்கும் தூரத்துப் பகை ஒன்று, பக்கத்துப் பகை ஒன்று. சமநிலைக்குத் தூரத்துப் பகை ஆசையும் வெறுப்பும். அதை யாரும் சுலபமாக அடையாளம் கண்டுகொள்வார்கள். பக்கத்துப் பகைதான் ஆபத்து, ஏனென்றால் அது பார்க்க அப்படியே சமநிலை மாதிரியே இருக்கும். அதன் பெயர் அறியாமையில் பிறந்த அக்கறையின்மை. அதே மாதிரி கருணைக்குத் தூரத்துப் பகை கொடுமை, பக்கத்துப் பகை துக்கத்தில் மூழ்கிப்போவது. நான் முதலாவதில் விழுந்தேன். இரண்டாவதிலும் விழுந்தேன், அதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

நம் வள்ளுவர் இன்னும் நேராகச் சொல்லிவிட்டார். "அருளென்னும் அன்பீன் குழவி" என்கிறார். அருள் என்பது அன்பு பெற்ற பிள்ளை. தாயைக் கொன்றுவிட்டுப் பிள்ளையை எங்கிருந்து கொண்டுவருவது? சொந்தத் தம்பி மேல் பாசமே கூடாது என்று மனதை மரக்கட்டையாக்கிக்கொண்டு, உலகத்து உயிர்கள் மேலெல்லாம் கருணை வந்துவிடும் என்று எதிர்பார்த்தேனே, அது எப்படி வரும்? இந்தக் குறள் இருப்பது பொருள் செயல்வகை அதிகாரத்தில். குறளின் மீதிப் பகுதி, அந்தப் பிள்ளை "பொருளென்னும் செல்வச் செவிலியால் உண்டு" என்கிறது. கருணைக்குக் காசும் வேண்டும் என்று வெட்கப்படாமல் சொன்ன மனிதர். காடிக்கு எண்ணெய் போட்டு ஆளைக் கூட்டிப்போகிறவர்களுக்கு அது நன்றாகவே புரியும்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் இதை வாழ்ந்து காட்டிய ஒருவர் இருந்தார் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. ரிஷிகேசத்துச் சுவாமி சிவானந்தரைத்தான் சொல்கிறேன். திருநெல்வேலிப் பக்கம் பத்தமடையில் 1887-இல் பிறந்தவர். 1913-இல் மலாயாவுக்கு வந்து, இதே சிரம்பான் வட்டாரத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் குப்புசாமியாக வேலை பார்த்தார். பிறகு ஜொகூரில். மொத்தம் பத்து வருடம். நம் பாட்டன் பூட்டன் மலேரியாவிலும் வயிற்றுப்போக்கிலும் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்த காலம் அது. அந்தப் படுக்கைகளுக்கு நடுவில் நடந்தவர் அவர். 1923-இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊர் திரும்பி, 1924-இல் ரிஷிகேசத்தில் சந்நியாசம் வாங்கினார்.

எல்லாவற்றையும் விட்டார் என்கிறோம். ஸ்டெதஸ்கோப்பை விட்டாரா? 1927-இல் அவருடைய காப்புறுதிப் பணம் கைக்கு வந்தது. துறவிக்குப் பணம் எதற்கு என்று ஒதுக்கிவிடவில்லை. அதை வைத்து ரிஷிகேசத்துப் பக்கம் லட்சுமண் ஜூலாவில் யாத்திரிகர்களுக்கும் சாதுக்களுக்கும் இலவச மருந்தகம் தொடங்கினார். அவர் நிறுவிய தெய்வீக வாழ்க்கைச் சங்கம் பிறந்தது அதற்கு ஒன்பது வருடம் கழித்து, 1936-இல். வீடு, சம்பளம், டாக்டர் என்ற மரியாதை எல்லாம் உதிர்ந்த பிறகும் நோயாளியின் கையைப் பிடித்துப் பார்க்கிற விரல் மட்டும் உதிரவில்லை. ரந்தாவிலிருந்து சிரம்பானுக்குத் தம்பியைக் கூட்டிக்கொண்டு இருட்டில் போகும்போது, இந்தப் பக்கத்துத் தோட்டம் ஏதோ ஒன்றில்தானே அந்த மனிதரும் நடந்திருப்பார் என்று எனக்குத் தோன்றும்.

சரி, இரண்டாவது விழுகை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு தம்பியின் பொறுப்பு முழுவதையும் நானே எடுத்துக்கொண்டேன். விட்ட மூன்று மாதத்துக்கும் சேர்த்துப் பாசம் காட்டினேன். அவன் குடிக்கிற தண்ணீரை அளந்தேன். அவன் வீட்டு ஐஸ்பெட்டியைத் திறந்து பார்த்தேன். டயாலிசிஸ் மையத்தில் முதலில் எடை பார்ப்பார்கள், போன தடவையிலிருந்து எத்தனை கிலோ தண்ணீர் ஏறியிருக்கிறது என்று. ஒரு நாள் நாலு கிலோவுக்குப் பக்கத்தில் காட்டியது. எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன். "நான் ராத்திரி தூங்காம உனக்காக ஓடுறேன், நீ ஐஸ் தண்ணியா குடிச்சிக்கிட்டு கெடக்குறியா?" அவன் ஒன்றும் பேசவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நாற்காலியில் போய்ப் படுத்தான். பக்கத்து நாற்காலியில் இருந்த சீனப் பாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோதுதான் அம்மா நினைவு வந்தது.

அம்மாவோடு சின்ன வயதில் பால்மர நிரைக்குப் போயிருக்கிறேன். நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் ஒவ்வொரு மரமாக வெட்டுவார். பட்டையைச் சீவும்போது கத்தி போகிற ஆழம்தான் அந்த வேலையின் உயிர். மேலோட்டமாகச் சீவினால் பால் வராது, பால் பிடிக்கிற மங்கு காலியாகக் கிடக்கும். ஆழமாகப் போனால் மரத்தில் காயம் பட்டுவிடும். அந்த இடத்தில் புதுப் பட்டை நேராக வளராது, முண்டும் முடிச்சுமாகப் புடைத்துக்கொள்ளும், பிறகு அங்கே கத்தி ஓடாது. நடுவில் ஒரு நூல் அளவுதான் இடம். மேற்பார்வை பார்க்கிற மண்டோர் பின்னாலேயே வந்து காயத்தை எண்ணுவார். ஆத்திரத்தில் இருந்தால் அம்மா கத்தியை எடுக்க மாட்டார். அப்பாவோடு சண்டை போட்ட ஒரு காலையில் முதல் மரத்தடியில் கொஞ்ச நேரம் சும்மா நின்றார். ஏன் என்று கேட்டதற்கு, "கை நெதானத்துக்கு வரட்டும் பாப்பா. கோவத்துல வெட்டுனா மரத்துக்கு வலிக்கும்" என்றார்.

அன்று மையத்தில் நான் போட்டது காயம். அக்கறைதான் கத்தியைப் பிடித்திருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த அக்கறைக்குள் வேறொன்றும் இருந்தது: என் தம்பி, என் சொல்படி, நான் நினைக்கிற மாதிரி பிழைக்க வேண்டும். அவன் சாவைப் பற்றிய பயத்தைவிட நான் தோற்றுவிடுவேனோ என்ற பயம் பெரிதாக இருந்தது. இதைத்தான் பற்று என்று பெரியவர்கள் சொல்லியிருக்க வேண்டும். கீதை பன்னிரண்டாம் அத்தியாயத்தில், பக்தன் எப்படிப்பட்டவன் என்று சொல்கிற 13-ஆவது சுலோகம், எல்லா உயிர்களிடமும் நட்பும் கருணையும் உள்ளவன் என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில் "நிர்மமஹ" என்கிறது. "எனது" என்பது இல்லாதவன். நான் எத்தனையோ முறை பாராயணம் செய்த சுலோகம். இரண்டும் ஒரே வரிசையில் இருக்கிறதே என்று அதுவரை கவனித்ததில்லை. கருணையை விடச் சொல்லவில்லை. தம்பியை விடச் சொல்லவில்லை. "எனது" என்ற அந்தச் சொல்லை மட்டும்தான் எடுக்கச் சொல்கிறது.

எடுத்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். தண்ணீர் அளப்பதை நிறுத்தினேன். எடையைக் கேட்பதில்லை. அவனே சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். இப்போதும் சில நாள் மூன்றரை கிலோ ஏறுகிறது, வயிறு கலங்குகிறது. வாயைத் திறக்காமல் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய் நிற்கிறேன், கை நிதானத்துக்கு வரும் வரை. அவனும் மாறிவிடவில்லை. போன மாதம் இருநூறு வெள்ளி கடன் கேட்டான், இல்லை என்று சொன்னேன். கருணை என்றால் கேட்டதையெல்லாம் கொடுப்பது என்று நினைக்கிறவர்களுக்கு இதையும் சொல்ல வேண்டும். கோபமில்லாமல் இல்லை என்று சொல்ல இப்போதுதான் பழகுகிறேன்.

அழுகைக்கு வருகிறேன், தங்கச்சி கேட்டது அதைத்தானே. பட்டினத்தாரைவிடப் பெரிய துறவியை நமக்குத் தெரியுமா? காதற்ற ஊசியும் வாராது என்று எல்லாவற்றையும் போட்டுவிட்டு நடந்த மனிதர், அம்மா இறந்த செய்தி கேட்டு வந்து, சுமந்து பெற்றதையும் பாலூட்டியதையும் சொல்லிச் சொல்லி உருகித்தான் கொள்ளி வைத்தார். அந்தப் பாட்டை நம் ஊர்ச் சாவு வீடுகளில் இன்றும் பாடுகிறோம். அவர் அழுததால் அவர் அம்மாவின் ஆத்மா எங்கேயும் தவித்துக்கொண்டு நிற்கவில்லை. அழுகை வந்தால் வந்து போகட்டும். பால் வடிகிற நேரம் வடிந்து, பிறகு தானாகவே நின்றுவிடும். யாரும் மரத்தைக் கட்டிப்போட்டு நிறுத்துவதில்லை.

புலனத்தில் "அழாதே, பாசம் வைக்காதே" என்று எழுதி அனுப்புகிறவர்கள், அனுப்புவதற்கு முன்னால் அதை யார் படிக்கப்போகிறார்கள் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். அம்மாவைப் பறிகொடுத்த பிள்ளை படிக்கிறது. டயாலிசிஸுக்கு ஆள் தேடுகிற தம்பியின் அக்கா படிக்கிறாள்.

நான் இன்றும் நாலரைக்குத்தான் எழுந்திருக்கிறேன். செவ்வாய், வியாழன், சனியில் மட்டும் தியானம் பாதியில் முடிந்துவிடும். போனை அணைப்பதில்லை, விளக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. முந்தாநாள் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தபோது அதிர்ந்தது. எடுத்தேன்.

"அக்கா, இங்க நல்ல மழை. ரோடு வழுக்கும். அவசரப்படாம மெதுவா வா."