அளந்து சொல்லுன்னா அடிக்க வர்றாய்ங்க

லாரி இன்ஜினைப் பிரிச்சுக் கட்டுறதுக்காக, முடி கனத்தையும் அளக்கிற மைக்ரோமீட்டர் இருக்கான்னு ஒரு லேத் பட்டறையில கேட்டது அம்புட்டுப் பெரிய குத்தமாய்யா? பட்டறைக்காரன் கிராங்கை, அதான் பிஸ்டன் மேல கீழ போறதைச் சுத்தா மாத்துற தண்டை, பெஞ்சு மேல ஒரு உருட்டு உருட்டினான். ஜர்னல், அதான் பேரிங் உக்கார்ற வழவழப்பான எடம், அது மேல கட்டைவிரல் நகத்தை ஒரு ஓட்டு ஓட்டினான். "ஸ்டாண்டர்ட் சைஸ் பேரிங்கே போதும்ணே, பாலிஷ் மட்டும் போட்டுருவோம்"னுட்டு டீ குடிக்கப் போயிட்டான். என் வண்டியோட தலையெழுத்து அந்த நகத்துல முடிஞ்சிருச்சு.

எட்டு லட்சம் கிலோமீட்டருக்கு மேல ஓடின லாரிய்யா அது. "மேல"ன்னு ஏன் சொல்றேன்னா, நான் வாங்குறதுக்கு முன்னாடியே மீட்டர் கேபிள் அத்துக் கெடந்திருக்கு. நெசக் கணக்கு அந்த முனியாண்டி சாமிக்கே வெளிச்சம். ஆண்டிப்பட்டி கணவாய் ஏறுனா பின்னாடி வர்றவன் பகல்லயே லைட்டைப் போடணும், அம்புட்டு நீலப்புகை. பிரீதர்ல, அதான் இன்ஜினோட மூச்சுக் குழாய்ல, காத்து குபுகுபுன்னு அடிக்குது. எத்தனை நாளைக்குத்தான் ஆயில் ஊத்தி ஊத்தி ஓட்டுறது? இந்தத் தடவை இன்ஜினை நானே இறக்கி நானே கட்டுறதுன்னு இறங்கிட்டேன். எனக்கு இதான் முதல் இன்ஜின். முதல் இன்ஜின்ங்கிறதாலதான் எல்லாத்தையும் அளந்து செய்யணும்னு நெனைக்கிறேன். அது இங்க எவனுக்கும் பிடிக்கல.

நகத்துக்குக் கோடு தட்டுப்படும், சரி. ஓவல் தட்டுப்படுமா? டீசல் எரிஞ்சு பிஸ்டனைக் கீழ தள்ளுறப்ப பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கிற கன்ராடு ஜர்னல்ல ஒரே பக்கத்தைத்தான் போட்டு அமுக்கும். லட்சக்கணக்கான கிலோமீட்டர் அப்படி அமுக்கினா ஜர்னல் வட்டமாவா இருக்கும்? குறுக்க ஒண்ணு, நெடுக்க ஒண்ணு, ரெண்டு ஓரத்துலயும் அளந்தாத்தான் எவ்வளவு தேய்ஞ்சிருக்குன்னே தெரியும். பேரிங்குக்கும் ஜர்னலுக்கும் நடுவுல ஆயில் நிக்கிற எடமே ஒரு தலைமுடிக் கனம்தான். அதை நகத்தை வச்சு சொல்றாராம் தொரை. இன்னொரு பட்டறையில இதுக்கு நேர் எதிரா, அளக்காமலே "பத்து தவு அடிச்சுருவோம்"ங்கிறான். பத்து தவுன்னா கால் மில்லிமீட்டர் கிரைண்டிங்ல தேய்ச்சு எடுக்குறது. அடிச்ச இரும்பைத் திருப்பி ஒட்ட வைப்பியா நீ? தேவையில்லாம ஒரு சைஸ் போச்சுன்னா, அடுத்த தடவை இன்ஜின் பிரிக்கிறப்ப மிச்சம் இருக்கிற சைஸ்ல ஒண்ணு கொறைஞ்சிரும். அவனுக்கென்ன, கிரைண்டிங் கூலி வந்தாச் சரி.

போர், அதான் பிஸ்டன் ஓடுற சிலிண்டர் ஓட்டை, அந்த விஷயம் இதைவிடக் கொடுமை. என்னது டாடா 697. ஆறு சிலிண்டர், போர் 97 மில்லிமீட்டர், பேரே அதான். ஓட்டைக்குள்ள லைனர்ங்கிற புதுக் குழாயை அடிச்சு எறக்கி, அதை அளவுக்குக் கடையணும், அதான் போர் போடுறது. "பிஸ்டன் வாங்கிட்டு வர்றேன், அதை அளந்துட்டு அதுக்கு ஏத்த மாதிரி போர் போடுங்க"ன்னேன். சிரிக்கிறாய்ங்க. "697-க்கு எங்களுக்கு அளவு தெரியாதாண்ணே? போரை முதல்ல போட்டுருவோம், பிஸ்டனை நீங்க பைய வாங்கிக்கங்க." யோவ், 97 எனக்கும் தெரியும்யா! அதுக்குப் பின்னாடி புள்ளி வச்சு வர்ற நம்பர்தான் எனக்கு வேணும். பிஸ்டன் சூடாகி விரியும். அதுக்கு விட வேண்டிய இடைவெளியே மில்லிமீட்டர்ல நூத்துல சில பங்குதான். கொஞ்சம் டைட்டா இருந்தா வெயில்ல லோடோட போறப்ப பிடிச்சுக்கிரும், லூசா இருந்தா பிஸ்டன் கடகடன்னு தட்டும். ஆறு பிஸ்டனும் ஒரே டப்பால வந்தாலும் ஆறையும் அளக்கணும்.

பிஸ்டனைச் சுத்தி மாட்டுற ரிங்குக்கும் இதே பாட்டுதான். ரிங்கை அதது போகப் போற போருக்குள்ள எறக்கி, பிஸ்டனால நேரா தள்ளி, வாய் எவ்வளவு தெறந்திருக்குன்னு ஃபீலர் கேஜ்ங்கிற மெல்லிசுத் தகடை வச்சுப் பாக்கணும். வாய் ரொம்பச் சின்னதா இருந்தா சூட்டுல ரெண்டு முனையும் முட்டி ரிங் ஒடையும், லைனரைக் கீறி வச்சிரும். பெருசா இருந்தா பழையபடி பிரீதர்ல காத்து. இதை நான் ஒவ்வொரு போரா பாத்துக்கிட்டிருந்தப்ப பக்கத்துப் பட்டறை மெக்கானிக் வந்து நின்னுட்டு, "நாங்கல்லாம் கண்ண மூடிக்கிட்டு மாட்டுவோம்ணே"ன்னாரு. அதான்ணே, ரோட்டுல அத்தனை லாரி புகை கக்கிட்டுப் போகுது.

அனுபவத்தை நான் கொறை சொல்லல. ஸ்க்ரூ டிரைவரைக் காதுல வச்சுக் கேட்டே எந்த வால்வு தட்டுதுன்னு சொன்ன பெரியவங்க இந்த மதுரையில இருந்தாங்க. டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911-ல தொழிலைத் தொடங்கி பஸ் விட்ட ஊரு இது. மோட்டார் வேலை நேத்து முளைச்சதில்ல இங்க. ஆனா அந்தப் பெரியவங்ககிட்ட மரப்பெட்டிக்குள்ள துணி சுத்தி ஒரு மைக்ரோமீட்டரும் இருந்துச்சு. இவய்ங்க பெட்டியை விட்டுட்டு மீசையை மட்டும் எடுத்துக்கிட்டாய்ங்க.

போருக்குள்ள கல்லை வச்சுக் குறுக்குக் கோடு போடுற ஹோனிங் முடிஞ்ச பிளாக்கை சோப்புத் தண்ணி போட்டுக் கழுவித் தாங்கன்னு கேட்டதுக்கு ஒரு பையன், "என்னண்ணே, குளிப்பாட்டச் சொல்றீங்க"ன்னு ஊரையே கூட்டிட்டான். டீசலைத் தெளிச்சு ஏர் அடிச்சாப் போதுமாம். ஹோன் கல்லோட பொடி அந்தக் குறுக்குக் கோட்டுக்குள்ள போயி உக்காந்திருக்கும்டா, அது டீசலுக்கு வராது. அப்படியே கட்டினா புது ரிங்கை உப்புத்தாள் வச்சுத் தேய்க்கிற மாதிரிதான். நானே சுடுதண்ணி வச்சுக் கழுவினேன், வெள்ளைத் துணியால தொடச்சா அழுக்கு வராத வரைக்கும். ஒடனே தொடச்சு ஆயில் பூசணும், இல்லாட்டி கண்ணு முன்னாலயே துருப் பிடிக்கும்.

போல்ட்டை எம்புட்டு பலமா இறுக்குறோம்னு காட்டுற டார்க் ரெஞ்சை வாடகைக்குக் கேட்டேன். ஸ்பானர்ல ரெண்டடி பைப்பைச் சொருகி "ரெண்டு பேரா இழுங்க, டிக்குனு நிக்கும்"னு சொல்லிக் குடுத்தாய்ங்க. ஹெட் போல்ட்டை நடுவுல இருந்து ஆரம்பிச்சு வெளிய போற வரிசையில, கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும்னா, அதெல்லாம் கம்பெனிக்காரன் சொல்றதாம். ஹெட்டுக்கு அடியில இருக்கிற கேஸ்கட் போயி ஆயிலோட தண்ணி கலந்தா கம்பெனிக்காரனா வந்து வண்டியை இழுத்துட்டுப் போவான்?

வண்டி நின்னாலும் டியூ நிக்காது, இன்சூரன்ஸ் நிக்காது, காலாண்டு வரி நிக்காது. அது தெரிஞ்சுதான் இவய்ங்க அவசரப்படுத்துறாய்ங்க, "வெரசா கட்டி ஓட்டுங்கண்ணே"ன்னு. ஆறு மாசத்துல திரும்பப் புகை வந்தா, "டிரைவர் சூடு பண்ணிட்டாப்ல"ன்னு பழி நம்ம மேல. அளவு எங்கயும் எழுதி இல்லையே, எதை வச்சுக் கேக்குறது?

அதனால கிராங்கையும் பிளாக்கையும் கப்பலூர் பக்கம் இன்னொரு பட்டறைக்குத் தூக்கிட்டுப் போனேன். அங்க போரை அளக்கிற போர் கேஜே இருக்கு, கண்ணாடி அலமாரியில பூசை சாமான் மாதிரி. ஆறு போர், அத்தனை ஜர்னல், எல்லா அளவையும் பில்லுல எழுதிக் குடுத்தாத்தான் காசுன்னு சொல்லிட்டேன். ஓனர் தலையைச் சொறிஞ்சாரு. "பில்லெல்லாம் கெடையாதுண்ணே, துண்டுச் சீட்டுதான்."

துண்டுச் சீட்டுலயே எழுதுய்யா. யாரு வேணாம்னா?